ஈரானின் கனாத்துகள்: சரிவின் கணக்கும் பங்கீட்டின் சட்டமும்

ஈரானியப் பீடபூமியின் நடுவே தஷ்த்-இ-காவிர், தஷ்த்-இ-லூத் என்னும் இரு பெரும் பாலைவனங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றை ஒட்டி அமைந்த யஸ்த் நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எதுவும் அதன் அருகில் இல்லை. ஆயினும் அந்நிலத்தில் கோதுமை விளைந்தது, மாதுளையும் பாதாமும் காய்த்தன, வணிகமும் நெசவும் தழைத்த நகரங்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்தன. தொலைமலையின் அடிவாரத்தில் மண்ணுக்குள் தேங்கிய நீரைப் பல கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே, எந்த இறைப்புக் கருவியும் இல்லாமல், தரைமட்டத்துக்குக் கொண்டுவரும் கனாத் என்னும் அமைப்பே இதற்கு அடிப்படை. கிழக்கு ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பலுசிஸ்தானிலும் இதைக் காரேஸ் என்பர். இவ்வமைப்பின் பொறியியல் நுட்பத்தைப் பலரும் வியந்து எழுதியுள்ளனர். ஆனால், நிலத்தடி நீர்ப்படுகை தரக்கூடிய அளவுக்கு மேல் நீரை எடுக்க இயலாத வகையில் அமைந்த சுரங்கமும், அந்த அளவான நீரைப் பலரிடையே பங்கிட எழுந்த சட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதே இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பதும், அவ்விணைப்பு அறுந்தபோதே இதன் வீழ்ச்சி தொடங்கியது என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

நிலத்தின் அமைப்பும் சரிவின் கணக்கும்

எல்பூர்ஸ், ஸாகுரோஸ் மலைத்தொடர்களிலும், யஸ்த் நகருக்குத் தென்மேற்கே 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷீர்கூஹ் போன்ற தனிமலைகளிலும் குளிர்காலத்தில் பனி பொழிகிறது. இளவேனிலில் உருகும் அப்பனிநீர், மலையிலிருந்து அடித்துவரப்பட்ட சரளையும் மணலும் விசிறி வடிவில் பரவிக் கிடக்கும் அடிவாரப் படிவுகளுக்குள் இறங்கி, நீர் புகாத களிமண் அடுக்கின்மேல் தேங்குகிறது. நீரைத் தாங்கும் இந்த மண்ணடுக்கே நீர்ப்படுகை எனப்படும். மலையடிவாரத்தில் தரை பாலைச் சமவெளியை நோக்கிச் சரிந்து செல்கிறது. படுகையில் தொடங்கும் ஒரு சுரங்கத்தைத் தரையின் சரிவைவிடக் குறைந்த சரிவில் வெட்டிக்கொண்டு போனால், சரிந்துவரும் தரை ஓரிடத்தில் சுரங்கத்தைச் சந்தித்தே ஆகவேண்டும். அவ்விடத்தில் நீர் தானாகவே வெளிப்படும். கனாத்தின் அடிப்படை விதி இவ்வளவே.

தரை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் தாழ்கிறது என்றும், சுரங்கம் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் தாழ்கிறது என்றும் கொண்டால், 50 மீட்டர் ஆழத்தில் உள்ள நீர் தரைக்கு வர ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வேண்டும். நீர்மட்டம் இருமடங்கு ஆழத்தில் இருந்தால் நீளமும் இருமடங்காகும். சுரங்கத்தின் சரிவு மிகுந்தால் நீரின் வேகம் மண்ணை அரித்து அடித்தளத்தைக் குலைத்துவிடும்; சரிவு மிகக் குறைந்தால் வண்டல் படிந்து வழி அடைபடும். ஆகவே ஆயிரத்துக்கு ஒன்று அல்லது அதனினும் குறைந்த சரிவைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பிழையின்றிக் காக்க வேண்டியிருந்தது. கொராசான் பகுதியில் உள்ள கொனாபாத் ஊரின் கஸபே கனாத், 300 மீட்டர் அளவு ஆழமுள்ள கிணற்றில் தொடங்கிச் சுமார் 33 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்வதை எண்ணும்போது, நூலும் நீர்மட்டக் கருவியும் மட்டுமே கொண்டு இதைச் செய்தவர்களின் அளவைத்திறன் விளங்கும்.

முகன்னிகளின் உழைப்பு

கனாத் வெட்டும் தொழிலாளர் முகன்னி எனப்பட்டனர். யஸ்த் பகுதி முகன்னிகள் ஈரான் முழுவதும் பெயர்பெற்றவர்கள். இத்தொழில் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. செடிகொடிகளின் வகை, மண்ணின் ஈரம், மலையின் அமைப்பு ஆகியவற்றைக் கண்டு நீர் உள்ள இடத்தை மதிப்பிட்ட பின், முதலில் ஒரு சோதனைக் கிணறு தோண்டப்பட்டது. நீர்ப்படுகையைத் தொட்டு, நீர் ஊறும் வீதம் நிலையானது என்று உறுதிப்பட்டால் அதுவே தாய்க்கிணறு ஆகும். அங்கிருந்து நீர் வெளிப்பட வேண்டிய வாய் வரை, சில பத்து மீட்டர்களுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கிணறுகள் வரிசையாகத் தோண்டப்பட்டன. வெட்டிய மண்ணை வெளியேற்றவும், சுரங்கத்துக்குள் காற்று செல்லவும், பின்னாளில் பழுதுபார்க்க இறங்கவும் அவை பயன்பட்டன. மேலே இழுக்கப்பட்ட மண் ஒவ்வொரு கிணற்றின் வாயைச் சுற்றியும் கரையாகக் குவிக்கப்பட்டு, திடீர் வெள்ளம் உள்ளே பாயாமல் காத்தது. வானிலிருந்து எடுத்த படங்களில் பாலைநிலத்தின் குறுக்கே வரிவரியாகத் தோன்றும் வட்டக் குழிகள் இவையே.

சுரங்கத்தை நீர் வெளிப்படும் வாயிலிருந்து மலையை நோக்கி வெட்டுவது வழக்கம். நீர்ப்படுகையை எட்டும்போது ஊறும் நீர், வெட்டுபவரின் பின்புறமாக வடிந்து சென்றுவிடும் என்பதே அதற்குக் காரணம். நேர்கோடு பிறழாமல் செல்ல, பின்னால் வைத்த இரு விளக்குகளின் ஒளியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தனர். ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடர் மங்கினால் காற்றில் உயிர்வளி குறைந்துவிட்டது என்று அறிந்து வெளியேறினர். ஒருவர் குனிந்து நடக்கும் அளவே உள்ள குறுகிய வழியில் குந்தாலியும் சிறு மண்வெட்டியும் கொண்டு ஒருவர் வெட்ட, மற்றொருவர் மண்ணைத் தோல்வாளியில் நிரப்ப, மேலே நின்றவர்கள் மர இராட்டினத்தால் இழுத்தெடுத்தனர். மண் இளகிய இடங்களில் முட்டை வடிவச் சுட்டமண் உறைகளை அடுத்தடுத்துப் பொருத்திச் சுரங்கத்தைத் தாங்கினர். இவ்வளவு முன்னெச்சரிக்கைக்குப் பின்னும் மண் சரிவிலும் திடீர் ஊற்றுப் பெருக்கிலும் உயிரிழந்தோர் பலர். ஒரு நீண்ட கனாத் முடிவடையப் பல ஆண்டுகள் ஆயின; முதலீடு செய்தவர் பயனைக் காணாமல் மறைவதும், அடுத்த தலைமுறை அதைத் தொடர்வதும் இயல்பாக இருந்தன.

சுரங்கம் முடிந்ததோடு வேலை முடிவதில்லை. வண்டலை ஆண்டுதோறும் அகற்ற வேண்டும். இடிந்த பகுதிகளைச் சீரமைக்க வேண்டும். நீர்வரத்து குறைந்தால் தாய்க்கிணற்றுக்கு அப்பால் மலையை நோக்கிச் சுரங்கத்தை நீட்ட வேண்டும். ஆகையால் தொடர்ந்து பணம் திரட்டி ஆட்களை அனுப்பும் ஒரு சமூக ஏற்பாடு இல்லாத இடத்தில் கனாத் நிலைத்திருக்க இயலாது.

தோற்றம் பற்றிய விவாதம்

இந்நுட்பம் எங்கே முதலில் உருவானது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் கி.மு. 714ஆம் ஆண்டில் உரார்ட்டு நாட்டின்மீது படையெடுத்தபோது உல்ஹு என்னும் நகரின் நீர்ப்பாசன அமைப்பைக் கண்டு அழித்ததைக் குறிக்கும் களிமண் பலகை, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சொல்லப்படுவது கனாத் என்று சிலரும், திறந்த கால்வாய் என்று சிலரும் கொள்கின்றனர். பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி கொப்லோ 1979இல் வெளியிட்ட நூலில், வடமேற்கு ஈரான் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் தாது வெட்டும்போது குறுக்கிட்ட நீரை வடிக்க அமைத்த வழிகளே கனாத்தின் முன்னோடி என்று வாதிட்டார். பின்னர், இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஹீலி முதலிய இடங்களில் நடந்த அகழாய்வுகள், கி.மு. 1000ஆம் ஆண்டை ஒட்டிய இரும்புக் காலத்திலேயே நிலத்தடி நீர்வழிகள் அங்கு இருந்ததைக் காட்டின. அவை ஆழமான படுகையைத் தொட்ட முழுமையான கனாத்துகளா, ஆழம் குறைந்த நீரைத் திருப்பிய வழிகளா என்ற வினா தொடர்கிறது.

தோற்றம் எதுவாயினும், கி.மு. 550 முதல் 330 வரை ஆண்ட அக்கமெனியப் பேரரசின் காலத்தில் இது தொலைவிடங்களிலும் காணப்படுகிறது. எகிப்தின் கார்கா பாலைச்சோலையில் உள்ள ஐன் மனாவிர் என்னும் இடத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுரங்க நீர்வழிகளும், டெமோட்டிக் என்னும் எகிப்திய எழுத்தில் எழுதப்பட்ட ஓட்டுச் சில்லுகளும் கிடைத்துள்ளன. அச்சில்லுகளில் நீரின் உரிமை ‘நாள்’ கணக்கில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறியது பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது. இவ்வளவு பழைய சான்றுகளிலேயே சுரங்கமும் பங்கீட்டு முறையும் சேர்ந்தே தோன்றுகின்றன. கரமாந்தியர் வாழ்ந்த லிபியாவின் பெஸ்ஸான் பகுதி, அல்ஜீரியா, மொரோக்கோ, ஸ்பெயின், சீனாவின் துர்ப்பான் எனப் பல இடங்களில் இவ்வமைப்பு வெவ்வேறு பெயர்களில் விளங்கியது. இந்தியாவில் பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதரிலும், முகலாயர் ஆட்சியில் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் காலத்தில் புர்ஹான்பூரிலும் கனாத் முறையில் நீர்வழிகள் அமைக்கப்பட்டன.

எல்லையும் உரிமையும்

கனாத்துக்கு முதலீடு பெரிது, பயன் மெதுவானது என்பதை அரசுகள் உணர்ந்திருந்தன. நீரில்லாத நிலத்துக்கு நீர் கொண்டுவருவோருக்கு, அந்நிலத்தின் பயனை ஐந்து தலைமுறைக்கு நுகரும் உரிமையைப் பாரசீகர் அளித்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பதிவு செய்கிறார். செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸ் கி.மு. 209 அளவில் பார்த்தியர்மீது படையெடுத்தபோது, பார்த்திய மன்னன் அர்சாக்கஸ் பாலைவழியில் இருந்த இக்கிணறுகளைத் தூர்க்க முயன்றதையும் அவர் குறிப்பிடுகிறார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கொராசானை ஆண்ட அப்துல்லா இப்னு தாஹிர், கனாத் வழக்குகளுக்குச் சட்ட நூல்களில் போதிய விடை இல்லாததால் சட்ட அறிஞர்களைக் கூட்டித் தனி நூல் ஒன்று தொகுக்கச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் கர்தீசி எழுதுகிறார். இயற்கணிதத்தில் புகழ்பெற்ற அல் கராஜி 1017ஆம் ஆண்டு அளவில் மறைநீரை வெளிக்கொணர்தல் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். நிலத்தடி நீரின் இயல்பு, நீர் உள்ள இடத்தின் அடையாளங்கள், மட்டம் பார்க்கும் கருவிகள், சுரங்கம் வெட்டும் முறை, பராமரிப்பு ஆகியவற்றோடு, ஒரு கனாத்தைச் சுற்றி விடவேண்டிய காப்பெல்லையையும் அந்நூல் ஆராய்கிறது.

ஹரீம் எனப்படும் அக்காப்பெல்லையே கனாத் சட்டத்தின் மையம். ஒருவர் வெட்டிய கனாத்தின் நீரை வேறொருவர் அருகில் கிணறு தோண்டி உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக, அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குப் புதிய கிணறு தடை செய்யப்பட்டது. அத்தொலைவு மண்ணின் இயல்பைப் பொறுத்தது. நீர் எளிதில் ஊடுருவும் இளகிய மண்ணில் எல்லை அகலமாகவும், இறுகிய மண்ணில் குறுகலாகவும் வகுக்கப்பட்டது. 1928இல் இயற்றப்பட்ட ஈரானியக் குடியியல் சட்டமும் இம்மரபையே ஏற்று, இளகிய நிலத்தில் 500 கஸ், இறுகிய நிலத்தில் 250 கஸ் என்று விதித்தது. கஸ் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு இணையான முழக்கோல் அளவு. கண்ணுக்குத் தெரியாத படுகை பலருக்கும் பொதுவானது என்ற அறிவு இவ்விதியில் சட்டமாகியுள்ளது.

நீரை அளக்கும் முறைகள்

வெளிவந்த நீரைப் பங்கிடும் முறைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஈரானில் நீர் பெரும்பாலும் நேரத்தால் அளக்கப்பட்டது. அடியில் நுண்துளை கொண்ட செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஒரு பங்காகக் கொண்டனர். தமிழர் நாழிகை வட்டில் என்று அழைத்த கருவியின் வகை இது. மீராப் எனப்பட்ட நீர் அதிகாரி, கிண்ணம் எத்தனை முறை மூழ்கியது என்று கணக்கிட்டு, மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆணையிட்டார். பத்து நாட்களோ பதினைந்து நாட்களோ கொண்ட சுழற்சியில் ஒவ்வொருவருக்கும் முறை வந்தது. இப்பங்குகளை நிலத்திலிருந்து பிரித்து விற்கவும், வாடகைக்கு விடவும், மகள்களுக்கும் மகன்களுக்கும் பிரித்துக் கொடுக்கவும், பள்ளிவாசலுக்கு அறக்கொடையாக எழுதிவைக்கவும் இயன்றது.

ஃபலஜ் என்று அழைக்கப்படும் ஓமானிய அமைப்பில், பகலில் நிழற்கடிகாரத்தாலும் இரவில் விண்மீன்களின் எழுச்சியாலும் நேரம் கணிக்கப்பட்டது. அல்ஜீரியப் பாலைச்சோலைகளின் ஃபொக்காராவில் நேரத்துக்குப் பதில் நீரின் அளவே பிரிக்கப்பட்டது. துளைகள் இட்ட செப்புத் தகட்டால் நீரோட்டத்தை அளந்து, சீப்புப் போன்ற பல்வரிசை கொண்ட கல் மடையில் ஒவ்வொருவர் பங்குக்கும் ஏற்ற அகலத்தில் வாய் வைத்தனர். அங்குள்ள நீர் அளவையாளர்களின் அறிவை யுனெஸ்கோ 2018இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இம்முறைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பங்கு என்பது இத்தனை கன மீட்டர் நீர் என்று உறுதியளிக்கவில்லை; வரும் நீரில் இத்தனையில் ஒன்று என்றே வரையறுத்தது. மழை பொய்த்த ஆண்டில் கனாத்தின் நீர் குறைந்தால் அனைவரின் பங்கும் அதே விகிதத்தில் குறைந்தது. வறட்சியின் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாமல் ஊர் முழுவதும் பரவியதால், கனாத்தைப் பேணுவதில் பங்காளிகள் அனைவருக்கும் அக்கறை இருந்தது.

ஊரின் வடிவமும் அமைப்பின் குறைகளும்

கனாத் ஊரின் உருவத்தையும் வகுத்தது. சுரங்கம் நகரின் அடியில் செல்லும்போது, படிகள் வழியே இறங்கி நீர் எடுக்கும் பாயாப் என்னும் நிலவறைகள் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அமைந்தன. கோடையில் காற்றுக்கோபுரங்கள் இறக்கிய காற்று இந்நீரின்மேல் தவழ்ந்து அறைகளைக் குளிர்வித்தது. போதிய வீழ்ச்சி கிடைத்த இடங்களில் நிலத்தடியிலேயே மாவரைக்கும் நீராலைகள் சுழன்றன. நீர் வெளிப்படும் வாய்க்கு அருகில், தூய நீர் கிடைத்த இடத்தில், பெரும்பாலும் செல்வர் வாழ்ந்தனர். கடைமடையில் எளியோர் வாழ்ந்தனர். நிலவுடைமையாளரே பல கனாத்துகளுக்கு உரிமையாளர் என்பதால், உழவருக்குக் கிடைத்த பங்கு பல இடங்களில் சிறிதே. ஆய்வாளர் ஆன் லாம்ப்டன் 1953இல் வெளியிட்ட ஈரானிய நிலவுடைமை பற்றிய ஆய்வு இச்சமத்துவமின்மையை விரிவாக எடுத்துரைக்கிறது. ஆகவே கனாத் காலத்தைக் குறையற்ற பொற்காலமாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பயிருக்கு நீர் தேவைப்படாத குளிர்காலத்திலும் கனாத் ஓடிக்கொண்டே இருப்பது மற்றொரு குறை. அதற்கும் சில ஊர்கள் தீர்வு கண்டன. இஸ்பகான் மாகாணத்தின் வஸ்வான் கனாத்தில், சுரங்கத்தின் குறுக்கே அணை அமைத்துக் குளிர்காலத்தில் நீரைத் தடுத்துப் படுகையிலேயே தேக்கி, வேனிலில் திறந்துவிட்டனர். அதே மாகாணத்தின் அர்தெஸ்தானில் உள்ள மூன் கனாத் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சுரங்கங்கள் கொண்டது; இடையே உள்ள நீர் புகா அடுக்கினால் இரு நீரும் கலப்பதில்லை. இவ்விரண்டும், கஸபேயும் உட்படப் பதினொரு கனாத்துகளை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

வீழ்ச்சியும் அதன் பாடமும்

1968இல் ஹான்ஸ் வுல்ஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஈரானில் அப்போது ஏறத்தாழ 22,000 கனாத்துகள் இருந்தன என்றும், நாடு பயன்படுத்திய நீரில் நான்கில் மூன்று பங்கை அவையே தந்தன என்றும் மதிப்பிட்டது. இன்றோ எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கனாத்துகளிலிருந்து கிடைக்கிறது. இம்மாற்றத்துக்கு இரு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1960களில் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் பெரும் நிலவுடைமையை உடைத்தது. அது நீதியின் பொருட்டுத் தேவையான மாற்றமே. ஆனால் பராமரிப்புச் செலவை ஏற்ற நிலக்கிழாரும், போனே எனப்பட்ட கூட்டு உழவுக் குழுக்களும் மறைந்த இடத்தில் அப்பொறுப்பை ஏற்க வேறு அமைப்பு எழவில்லை. அதே காலத்தில் டீசல் பொறியும் மின்விசையும் கொண்ட ஆழ்துளைக் கிணறுகள் பெருகின.

கனாத்துக்கும் இக்கிணறுகளுக்கும் உள்ள வேறுபாடு இயற்பியல் சார்ந்தது. கனாத் சுரங்கத்தின் மட்டத்துக்குக் கீழே உள்ள நீரைத் தொட முடியாது. படுகையின் மட்டம் தாழ்ந்தால் அதன் ஓட்டமும் தானே குறையும். மின்விசைக் கிணற்றுக்கு அத்தகைய தடை இல்லை. மட்டம் தாழத் தாழக் குழாயை ஆழப்படுத்தி இறைக்கலாம். ஒரு சில கிணறுகள் மட்டத்தைச் சில மீட்டர் இறக்கினாலே, நூறு குடும்பங்கள் பங்கு வைத்திருந்த கனாத் வறண்டுவிடும். ஹரீம் விதி, மனித உழைப்பால் தோண்டிய கிணற்றின் ஆற்றலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. பல கிலோமீட்டர் தொலைவுக்கு மட்டத்தைத் தாழ்த்தும் இறைப்பை அந்த 500 கஸ் எல்லையால் தடுக்க இயலவில்லை. பலுசிஸ்தானின் காரேஸ்களுக்கும் மலிவான மின்சாரத்தால் இறைத்த குழாய்க்கிணறுகள் இதே முடிவைத் தந்தன.

இழப்பு கனாத்தோடு நிற்கவில்லை. நீர் நீங்கிய மண்ணடுக்குகள் அழுந்தி, ஈரானின் பல சமவெளிகளில் தரையே தாழ்கிறது. தெஹ்ரானுக்குத் தென்மேற்கே சில இடங்களில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. இறுகிய படுகை இழந்த கொள்ளளவைப் பெரும்பாலும் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே நல்ல மழை பெய்தாலும் அங்கே நீர் முன்போல் தங்காது.

யஸ்த் நகரில் 2005இல் யுனெஸ்கோ ஆதரவுடன் தொடங்கிய கனாத் ஆய்வு மையம் பழைய நுட்பங்களைப் பதிவு செய்தும் பயிற்றுவித்தும் வருகிறது. ஆயினும் சுரங்கங்களைத் தூர்வாருவதால் மட்டும் கனாத்துகள் மீளா. அவற்றைச் சுற்றியுள்ள படுகையில் இறைப்பு குறையாவிட்டால் தூர்வாரிய சுரங்கத்திலும் நீர் இராது. பெருகிவிட்ட மக்கள்தொகைக்கு வேண்டிய நீர் முழுவதையும் கனாத்துகளே தரும் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது. அவை விட்டுச்செல்லும் பாடம் வேறு. முன்பு சுரங்கத்தின் மட்டம் தானாகவே விதித்த வரம்பை, விசையால் இறைக்கும் காலத்தில் மனிதர் சட்டத்தால் விதித்துக்கொள்ள வேண்டும். காப்பெல்லையைக் கிணற்றுக்குக் கிணறு அளப்பதை விடுத்து முழுப் படுகைக்கும் வகுப்பதும், உரிமையை நிலையான அளவாகத் தராமல் அவ்வாண்டு ஊறும் நீரின் பங்காகத் தருவதும், பங்கு பெறுவோரே பராமரிப்பின் செலவையும் ஏற்பதும் அச்சட்டத்தின் அடிப்படைகளாக அமைய வேண்டும். இம்மூன்றும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பாலைவனத்தில் வாழ்ந்தோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் சோதித்து நிறுவிய விதிகள். நிலத்தடி நீரை நம்பி வாழும் எந்த நாடும் இவற்றைக் கற்க வேண்டிய காலம் இது.